அரப்பும் சலவைக்கல் மேஜையும்

சேலத்தில் அழுக்கு யாருக்காவது பயந்தது என்றால், அது அரப்பு ஒருவருக்குத்தான். அவருடைய சொந்தப் பெயரை வீட்டுக்காரர்களே மறந்துவிட்டார்கள். தலைக்குத் தேய்க்கிற அரப்புப் பொடி மணம் எந்நேரமும் அவர் மேல் வீசும், அதுவே பெயராகிவிட்டது.

யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு வருஷம் முன்பு, ஒரு பெரிய வக்கீலிடம் ஜூனியராகச் சேர்ந்தேன். அவர் வீட்டின் முன்பாதியில் ஆபீஸ், பின்பாதியில் குடும்பம். இரண்டையும் துடைத்துப் பெருக்குவது அரப்பு. ஊர் நாமகிரிப்பேட்டை. மனைவி மக்கள் கிடையாது. கிணற்றடிக்குப் பக்கத்து அறையில் பன்னிரண்டு வருஷமாகக் குடியிருந்தார். அங்கே வரிசையாகச் சட்டிகள்: சலித்த சாம்பல், செங்கல் தூள், ஊறின புளி, எலுமிச்சைத் தோல், பூந்திக்கொட்டை, வேப்பிலை. நோய்க்கு மருந்து எழுதுகிற மாதிரி ஒவ்வொரு கறைக்கும் ஒரு சட்டியைச் சொல்வார்.

வாயில் வைக்கக் கூடாததை வீட்டில் தேய்க்கக் கூடாது என்பது அவருடைய சட்டம். ஒருநாள் பட்டணத்திலிருந்து ஒரு ஏஜெண்டு, தரை கழுவுகிற மருந்து பாட்டிலோடு வந்தார். எல்லாப் பூச்சியும் செத்துவிடும் என்று அரைமணி நேரம் பேசினார். அரப்பு பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒரு குவளை பூந்திக்கொட்டைத் தண்ணீரோடு வந்து நின்றார்.

"நான் என்னுதக் குடிக்கறனுங்க. நீங்க உங்களுதக் குடிங்க."

சொன்னபடி மடமடவென்று குடித்தும் விட்டார். ஏஜெண்டு பாட்டிலைப் பைக்குள் வைத்துக்கொண்டு புறப்பட்டார். வழக்கு ஜெயம்தான். ஆனால் அன்று சாயங்காலம் வரைக்கும் அரப்பு விக்கினால் வாயில் நுரைக்குமிழி வந்தது. கட்சிக்காரர்கள் தங்கள் வழக்கை மறந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கட்சிக்காரர்களின் சாமான்களையும் அவர் விட்டுவைக்க மாட்டார். ஆட்டையாம்பட்டிக்காரர் ஒருவர் பித்தளை வெற்றிலைப் பெட்டியை வெளியே வைத்துவிட்டு வக்கீலைப் பார்க்க உள்ளே போனார். திரும்பி வருவதற்குள் அரப்பு அதைத் தங்கமாக்கி வைத்திருந்தார். அது தன்னுடையதே இல்லை, தன்னுடையது கறுப்புப் பெட்டி என்று அந்த மனிதர் சாதித்தார். உள்ளே கிடந்த பாக்குவெட்டியைக் காட்டியும் நம்பவில்லை. யாரோ தம் பாக்குவெட்டியைத் திருடி இந்தப் பெட்டியில் போட்டிருக்கிறார்கள் என்றார். வக்கீலே எழுந்து வந்து சமாதானம் செய்ய வேண்டியிருந்தது.

இனி என் விஷயம். ஆபீஸ் நடுவில் ஒரு வெள்ளைச் சலவைக்கல் மேஜை இருந்தது. வக்கீல் மனைவிக்கு அவருடைய தகப்பனார் கொடுத்த சீர். வக்கீலும் அம்மாளும் திருச்செங்கோடு மலைக்குப் போயிருந்த ஒரு நாள், அரப்பு சந்தைக்குப் போன நேரத்தில், நான் அதன் மேல் மைக்கூட்டைக் கவிழ்த்துவிட்டேன்.

அரப்பு வரும்வரை காத்திருந்திருக்கலாம். பி.ஏ. படித்தவன், அவரிடம் கைகட்டி நிற்பதா என்று தோன்றியது. கிணற்றடிக்குப் போய், அவர் பித்தளைக்கு எடுக்கிற புளியைக் கை நிறைய அள்ளி வந்து, உப்பும் சேர்த்துத் தேய்த்து ஊறவிட்டேன். மை போய்விட்டது. கூடவே கல்லின் பளபளப்பும் போய்விட்டது. தோசை அகலத்துக்கு ஒரு மங்கல் வட்டம். புளிப்பு பட்டால் சலவைக்கல் போன்ற சுண்ணாம்புக்கல் அரித்துப்போகும் என்று பரீட்சையில் எழுதி நல்ல மார்க் வாங்கியவன் நான். பரீட்சை முடிந்ததும் அதை மறந்துவிட்டேன்.

சாயங்காலம் அம்மாள் மேஜையைப் பார்த்து அழுதுவிட்டார். வக்கீல் அரப்பைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

"இந்த வீட்டிலே புளி போட்டுத் தேய்க்கறது யாரு?"

"நானுங்க."

"இது உன் புளிதானே?"

அரப்பு குனிந்து வட்டத்தை மோந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் கையிலிருந்த வழக்குக் கட்டைப் புரட்டினேன்.

"என்ற புளிதானுங்க."

மூன்றாவதாக ஒரு கேள்வி பாக்கி இருந்தது: தேய்த்தது நீயா? அதை வக்கீல் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று அந்த அறையில் தெரிந்தவர்கள் அரப்பும் நானும்தான். நான் வாய் திறக்கவில்லை. திறந்தால் ஜூனியர் வேலை போய்விடும். இருட்டுவதற்குள் அரப்பைக் கிளம்பச் சொல்லிவிட்டார்கள்.

கிணற்றடிக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன் என்று எழுத ஆசை. அவர் சொல்லிவிடுவாரோ என்று பார்க்கத்தான் போனேன். அரப்பு மூட்டையைக் கட்டி முடித்திருந்தார். என் வலதுகையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினார். நகக்கண்ணெல்லாம் நீலம். என்னைக் கல்லில் உட்காரவைத்து, எலுமிச்சைத் தோலை உப்பில் தொட்டு ஒவ்வொரு விரலாகத் தேய்க்க ஆரம்பித்தார்.

"வக்கீலய்யா இதப் பாத்தா உங்களையும் அனுப்பிப்போடுவாருங்க சாமி. எனக்கென்ன, எந்த ஊருக்குப் போனாலும் ஊடு இருக்கும், அழுக்கும் இருக்கும். பொழச்சுக்குவேன். உங்களுக்கு எழுதறதத் தவிர வேறென்னங்க தெரியும்?"

அவர் கேலி செய்யவில்லை. உண்மையாகவே என்னை நினைத்துக் கவலைப்பட்டார். ஐந்து விரலும் சுத்தமான பிறகு, தன் துண்டால் துடைத்துவிட்டு, "வாரேனுங்க" என்று மூட்டையைத் தூக்கிக்கொண்டார். தெருமுனை திரும்பும்வரை நின்று பார்த்தேன். கூப்பிட்டிருந்தால் கேட்கிற தூரம்தான். கூப்பிடவில்லை.

பிறகு நாமகிரிப்பேட்டையில் மூன்று முறை தேடினேன். சொந்தப் பெயர் தெரியாத மனிதரை எப்படி விசாரிப்பது? அவர் தேய்த்துவிட்ட கையால் முப்பது வருஷம் வழக்கு எழுதிப் பேரும் வாங்கிவிட்டேன். என்னைப் பெற்றவர்கூட அந்தக் கையை அவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததில்லை.