தூக்கிக் கட்டிய சென்சார்

மண்ணுக்கடியில் நடப்பதை நாற்காலியை விட்டு எழாமலே அறிவது முனிவர்களுக்கும் பெட்ரோல் பங்க் மேனேஜருக்கும் மட்டுமே வாய்த்த பேறு. முனிவர்களுக்குத் தவம் வேண்டும். மேனேஜருக்கு ஒரு சென்சார் போதும்.

பூமிக்குள் புதைத்த டேங்குக்கு இரண்டு சுவர்கள். உள்சுவர் கசிந்தால் இடைவெளியின் அடியில் பெட்ரோல் தேங்கும். அது வெளிச்சுவரையும் தாண்டி மண்ணில் இறங்குமுன் அங்கே கிடக்கும் சென்சார் நனைந்து அலாரம் அடிக்கும். அடித்தது. ஓயாமல் அடித்தது. "பாதுகாப்புக் குழு" அவசரமாகக் கூடியது.

"தோண்டிப் பாத்தா பங்க்கை மாசக்கணக்கா மூடணும். அப்புறம் உங்க வேலை?" என்றார் கம்பெனி அதிகாரி.

உடனே மேனேஜர், "சென்சார் ஏங்க கத்துது?" என்று மெக்கானிக்கைக் கேட்டார்.

"நனையுது, கத்துது."

"அப்ப நனையாம பாத்துக்கணும். பாவம், அதுக்கும் ஜலதோஷம் பிடிக்காதா?"

சென்சாரை ஒரு முழம் தூக்கிக் கட்டினார்கள். அலாரம் அடங்கியது. கசிவு "தீர்ந்தது". மேனேஜருக்குக் "கசிவற்ற பங்க்" என்று கேடயமும் வந்தது. மேசைமேல் வைத்து, தானே துடைத்தார்.

பங்க்கின் பின்சுவரை ஒட்டி அவருடைய அக்கா வீடு. "தம்பி, கிணத்துத் தண்ணி நாறுதுடா. சின்னவளுக்கு வாந்தி நிக்கவே இல்ல" என்று அவள் நடையாய் நடந்தாள். அலாரமே அடிக்காதபோது அக்கா மகள் வாந்தி எடுப்பது எந்த விதியில் வருகிறது என்று மேனேஜர் மிகவும் வருந்தினார். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் அல்லவா? குழுவையே கிணற்றடிக்கு அழைத்து வந்தார்.

அதிகாரி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தண்ணீரை முகர்ந்தார். "சுத்தமான தண்ணி" என்று தீர்ப்பளித்தார்.

"எல்லாம் உன் மனப்பிரமை, அக்கா" என்றார் மேனேஜர்.

"பெரிய மனுஷங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள் அக்கா. "வெந்நீர் போடறேன். சின்னவளைக் குளிப்பாட்டணும்."

ஒரு வாளி இறைத்துக் கிணற்றடி அடுப்பின் மேலிருந்த அண்டாவில் ஊற்றினாள். இடுப்பிலிருந்து தீப்பெட்டியை எடுத்தாள்.

"அக்கா! கொளுத்தாதே!"

மேனேஜர் போட்ட கூச்சலிடம் அந்த அலாரம் பிச்சை வாங்க வேண்டும். அதிகாரி அதற்குள் சுவரேறிக் குதித்திருந்தார். மெக்கானிக் அவருக்கும் முன்னால் ஓடிக்கொண்டிருந்தார்.

அக்கா குச்சியைக் கிழிக்கவில்லை. தம்பியின் முகத்தையே பார்த்தாள்.

"அப்ப, தெரிஞ்சுதான்டா எங்களைக் குடிக்க விட்டிருக்க."