தாலாய்பெக்கின் நாற்பத்தேழு காட்டாடுகள்

மலையை நேரில் பார்த்துத் திருப்தியடையாமல், அதே மலை திரையில் வந்த பிறகுதான் "ஆமாம், மலைதான்" என்று ஒப்புக்கொள்ளும் ஓர் இனம் உண்டு. எங்கள் நாரின் மலைப்பகுதியில் பனி உருகியதும் புல்லோடு சேர்ந்து இவர்களும் முளைப்பார்கள். காட்டு விலங்குகளைக் காப்பாற்றுவதற்காக நிலத்தை அளக்க வருகிறவர்கள், நல்லவர்கள். என் வீட்டில்தான் தங்குவார்கள் என்பதால் இவர்கள் பழக்கமெல்லாம் எனக்கு அத்துப்படி. காலணியைக் கழற்றுமுன் கரண்ட் எங்கே என்று கேட்பார்கள், இருக்கிற ஒரே பிளக்கில் ஏழு கருவிகளைச் சொருகி, என் அடுப்பங்கரை விளக்கை அணைத்துவிட்டு, ஜன்னலுக்கு வெளியே நிற்கும் சிகரத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, மடியிலிருக்கும் திரையில் அதே சிகரத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, "அடடா, என்ன அழகு!" என்பார்கள். திரும்பினால் போதும். திரும்பமாட்டார்கள்.

போன கோடையில் வந்த தாலாய்பெக் இந்த இனத்தின் முழு வளர்ச்சி. விடியற்காலையில், உடல் சூட்டைப் படம்பிடிக்கும் ட்ரோனைப் பறக்கவிட்டு, ஒரு பள்ளத்தாக்கில் நாற்பத்தேழு காட்டாடுகளைக் கண்டுபிடித்தார். அதாவது, திரையில் நாற்பத்தேழு வெள்ளைப் புள்ளிகள். உடனே வரைபடத்தில் பள்ளத்தாக்கைச் சுற்றி ஒரு சிவப்புக் கோடு: இனி இங்கே மேய்ச்சல் கூடாது. அது என் பக்கத்து வீட்டு அனார்கானின் கோடை மேய்ச்சல் நிலம். அதை விட்டால் அவள் ஆடுகளுக்கு வேறு புல் கிடையாது. மாவு ஒட்டிய கையோடு ஓடி வந்தாள்.

"தம்பி, அது என் வெள்ளாடு."

"இல்லக்கா. காட்டாடுன்னு கம்ப்யூட்டரே சொல்லுது."

"என்கிட்ட இருக்கிறதும் நாப்பத்தேழுதான்."

"அப்படியா? தற்செயலா இருக்கும்."

ஆளைக் கையோடு பள்ளத்தாக்குக்கு இழுத்துக்கொண்டு போனாள். நானும் பின்னாலேயே போனேன். இந்த வேடிக்கையை விடுவேனா? அவள் உப்பு டப்பாவைத் தட்டினாள். மொத்த மந்தையும் ஓடி வந்தது. அதில் ஒன்று தாலாய்பெக்கின் பை வாரைக் கடித்து மெல்லத் தொடங்கியது.

"மனுஷங்ககிட்ட நல்லாப் பழகியிருக்கு" என்று குறித்துக்கொண்டார்.

"கொம்புல சிவப்புச் சாயம் பூசியிருக்கே, அது?"

"எங்களுக்கு முன்னாடி வேற ஆய்வுக்குழு வந்திருக்கும்க்கா."

"காலையில நீ குடிச்ச பாலைக் கறந்ததும் அந்தக் குழுதானா?"

தாலாய்பெக் பை வாரை ஆட்டின் வாயிலிருந்து இழுத்தெடுத்தார். அனார்கான் ஆளைப் புரிந்துகொண்டாள். மறுநாள் காலை ஆடுகளைப் பட்டியை விட்டு வெளியே விடவில்லை. ட்ரோன் பள்ளத்தாக்கைச் சுற்றியது. திரையில் ஒரு புள்ளிகூட இல்லை.

"ஐயோ, ஒரே நாள்ல அழிஞ்சிடுச்சே! வேட்டைக்காரங்க வேலைதான் இது!" என்று தலையில் கைவைத்த தாலாய்பெக், தலைமை அலுவலகத்துக்கு அவசரக் கடிதம் எழுத உட்கார்ந்துவிட்டார். நூறடி தள்ளி, பட்டிக்குள் நாற்பத்தேழும் பசியில் கத்திக்கொண்டிருந்தன.

"அழறதுக்கு முன்னாடி அந்தத் தும்பியை என் பட்டி மேல ஒரு தரம் விடு."

"பட்டி எங்க ஆய்வு எல்லைக்கு வெளியில இருக்குக்கா."

"விடுறியா, கல்லெடுக்கட்டுமா?"

விட்டார். திரையில் நாற்பத்தேழு புள்ளிகள். வெகுநேரம் உற்றுப் பார்த்தார். பிறகு முகமெல்லாம் மலர்ந்து, அவளுக்கே தெரியாத சேதியைச் சொல்வதுபோலச் சொன்னார்:

"அக்கா! இதெல்லாம் உங்க ஆடுங்க!"

"அப்படியா தம்பி? சொன்னியே, புண்ணியமாப் போகும்."

சிவப்புக் கோடு அழிந்தது. அன்றே மந்தை பள்ளத்தாக்குக்குத் திரும்பியது. நிஜக் காட்டாடுகள் எந்த முகட்டுக்குப் பின்னால் மேய்கின்றன என்பதையும் அனார்கானே கைநீட்டிக் காட்டினாள். கோடு இப்போது அங்கே போயிருக்கிறது. படம் எடுத்துச் சரிபார்த்த பிறகுதான், சந்தேகமென்ன?

சிரிக்கிறீர்கள். நல்லது, சிரியுங்கள். ஆனால், போன வாரம் வாசலில் மூட்டை முடிச்சோடு வந்து நின்ற உங்கள் மைத்துனரை உள்ளே கூப்பிடாமல், கையிலிருந்த போனில் வரைபடத்தைப் பார்த்தபடி, "நீங்க வர இன்னும் நாலு நிமிஷம் இருக்கே?" என்று கேட்டது யார்?