திம்பிள்தோர்ப் குடும்பச் சங்கம்

கேக் வாய்க்குள் போன பிறகுதான் கிளிஃபர்டுக்கு, அது யார் வீட்டுக் கேக் என்ற யோசனையே வந்தது.

மழைக்கு ஒதுங்கியவர் அவர். மனைவி மேவிஸ் எதிர்ப்பக்கத்துப் பார்லரில் முடிக்குச் சுருள் போட உட்கார்ந்துவிட்டாள். காருக்குள்ளாவது இருக்கலாம் என்றால் சாவி அவள் கைப்பையில். ஊர்ப் பொதுக்கூடத்தின் கதவு திறந்திருந்தது. உள்ளே கெட்டிலில் ஆவி பறந்தது, தட்டில் எலுமிச்சைக் கேக் துண்டு போட்டு வைத்திருந்தது. இங்கிலாந்தின் லிங்கன்ஷையரில் நவம்பர் மழையில் நனைந்தவன் இதற்கு மேல் என்னத்தை விசாரிப்பான்? சர்ச்சுக்காரர்கள் ஏதோ புண்ணியத்துக்கு வைத்திருக்கிறார்கள் என்று எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"நீங்களும் திம்பிள்தோர்ப் குடும்பந்தானே?" என்றது பக்கத்தில் ஒரு குரல். பருமனான ஓர் அம்மாள், கையில் பேட்ஜும் பேனாவுமாக நின்றிருந்தாள். அவள் பேட்ஜில் டாப்னி என்று எழுதியிருந்தது.

அந்த ஊரில் கேக்கைத் திருடினால்கூட மன்னித்துவிடுவார்கள், வாயில் வைத்துக்கொண்டு பேசினால் மன்னிக்க மாட்டார்கள். கிளிஃபர்ட் பேசவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். விழுங்கிவிட்டு விவரம் சொல்லிக்கொள்ளலாம் என்பது அவர் திட்டம். விழுங்கி முடிப்பதற்குள் கோட்டில் பேட்ஜ் குத்தியாகிவிட்டது.

"வினிஃப்ரெட்! ஓடி வாங்க, புதுசா ஒருத்தர் வந்திருக்கார்!"

சங்கத் தலைவி வினிஃப்ரெட் நிஜமாகவே ஓடி வந்தாள். எழுபது தாண்டிய ஒல்லியான உருவம். கிளிஃபர்டின் கையைப் பிடித்தவள் விடவே இல்லை. அவள் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

"வந்துட்டீங்களா தம்பி! எத்தன வருஷம் காத்திருந்தேன் தெரியுமா? ஸ்மித்துனு தேடுங்க, தடுக்கி விழுந்தா ஒருத்தன் கெடைப்பான். திம்பிள்தோர்ப்புக்கு நாட்டையே சலிச்சாலும் ஆளில்ல. இனி எனக்கு ஒரு கவலையும் இல்ல."

கிளிஃபர்ட் காப் என்பது அவருடைய முழுப் பெயர். அந்தப் பெயரின் மேல் அவருக்கு இதுவரை எந்தப் புகாரும் இருந்ததில்லை. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். இப்படிக் கண் கலங்கி நிற்கிறவளிடம் எப்படிச் சொல்வது? வந்த வார்த்தையை மென்று விழுங்கினார்.

"எந்தப் பக்கத்துக் கிளை?" என்று கேட்டார் ரோலண்ட். ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர், மீசை மட்டும் இன்னும் வேலையில் இருந்தது.

யாருக்கும் தெரியாத கிளையாகச் சொல்லிவிட்டால் கேள்வி நின்றுவிடும் என்று கிளிஃபர்ட் நினைத்தார். "வடக்கு" என்றார்.

ரோலண்ட் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார்.

"வடக்குக் கிளையா? அது அத்துப்போச்சுனுல்ல நெனச்சோம்! டாப்னி, அந்த மோவாயப் பாருங்க."

"இவர் உள்ள வந்தப்பவே பாத்தேன். அசல் திம்பிள்தோர்ப் மோவாய்" என்றாள் டாப்னி.

கிளிஃபர்ட் தன் மோவாயைத் தடவிப் பார்த்தார். அவர் அப்பாவுக்கும் அது உண்டு. அப்பா ஒரு காப். பேச்சை மாற்றுவோம் என்று, "ஆமா, நம்ம பேருக்கு என்னதான் அர்த்தம்?" என்று கேட்டு வைத்தார்.

கேட்டிருக்கக் கூடாது.

"தோர்ப்னா டென்மார்க்குல இருந்த டேன்காரன் பேச்சுல சின்ன ஊரு. கடல் தாண்டி வந்த டேன்காரப் பிரபு ஒருத்தர் வெச்ச பேரு" என்றார் ரோலண்ட்.

"பிரபுவாம் பிரபு! திம்பிள்னா என்ன? ஊசி குத்தாம இருக்க தையக்காரன் விரல்ல மாட்டுற குப்பி. நம்ம ஆளுங்க ஊர் ஊராப் போய் கால்சட்டை தைச்சவங்க" என்றாள் டாப்னி.

"கால்சட்டை தைச்சவனுக்கு எங்கேருந்து இந்த மோவாய் வரும்?"

"தைக்கும்போது குனிஞ்சிக்கிட்டே இருந்தா வரும்!"

இருவரும் முகம் சிவந்து ஒரே நேரத்தில் கிளிஃபர்டின் பக்கம் திரும்பினார்கள். "நீங்க சொல்லுங்க. வடக்குல என்ன சொல்லுவாங்க?"

பிரபு என்றால் டாப்னிக்குக் கோபம், தையல்காரன் என்றால் ரோலண்டுக்குக் கோபம். கிளிஃபர்ட் ரொம்ப யோசித்து, "எங்க வீட்ல அதப் பத்திப் பேசறதே இல்லைங்க" என்றார்.

அது இன்னும் வம்பாகப் போயிற்று. ரோலண்டின் மீசை துடித்தது. கிட்டே வந்து கிளிஃபர்டின் தோளில் கை வைத்தார்.

"அவ்வளவு காயமா! அந்தக் காலத்துல எங்க தெக்குக் கிளை ஒங்களுக்கு என்ன பண்ணுச்சுனு எனக்குத் தெரியாது. தப்புதான். எல்லார் சார்பாவும் மன்னிப்பு கேட்டுக்கறேன்."

"பரவால்ல. அதெல்லாம் மறந்தாச்சு" என்றார் கிளிஃபர்ட். வேறு என்ன சொல்ல முடியும்? டாப்னி மூக்கைச் சிந்திக்கொண்டே அவருக்கு இன்னொரு துண்டு கேக் வைத்தாள்.

இனி ஒரு நிமிஷமும் இங்கே இருக்கக் கூடாது. "என் சம்சாரம் எதிர்ப் பார்லர்ல காத்துக்கிட்டிருப்பா, நான் கெளம்பறேன்" என்று எழுந்தார்.

"அவங்கள அங்க காக்க வெச்சிட்டா கேக் தின்னுட்டிருக்கீங்க? நீங்க உக்காருங்க!" என்று டாப்னி வாசலில் சாத்தியிருந்த ஒரு குடையை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

திரும்பியபோது கூடவே மேவிஸ் வந்தாள். தலையில் ஒரு பாதி சுருள், மறு பாதி ஈரம். கோட்டில் 'மேவிஸ் திம்பிள்தோர்ப்' என்ற பேட்ஜ். நாலு பேர் பார்க்கிறார்கள் என்பதால் முகத்தில் சிரிப்பு இருந்தது. அந்தச் சிரிப்பைக் கலைக்காமலே பல்லிடுக்கில் கேட்டாள்.

"என்னங்க பண்ணி வெச்சிருக்கீங்க?"

"சிரி. அப்புறம் சொல்றேன்."

"சிரிச்சுக்கிட்டுத்தான இருக்கேன். யாருங்க இவங்கல்லாம்?"

"நம்ம சொந்தக்காரங்க."

மேவிஸ் தட்டைப் பார்த்தாள். ஒரு துண்டு கேக் எடுத்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து வினிஃப்ரெட் கரண்டியால் கோப்பையைத் தட்டினாள். வடக்குக் கிளைதான் மூத்த கிளையாம். மூத்த கிளை வந்துவிட்டதால், தலைவர் பதவி இன்று முதல் கிளிஃபர்டுக்கு. அடுத்த வருஷக் கூட்டம் கிளிஃபர்ட் வீட்டில். எல்லோரும் கை தட்டினார்கள். மேவிஸும் தட்டினாள், தட்டிக்கொண்டே மேசைக்கடியில் அவர் காலை நறுக்கென்று மிதித்தாள்.

"ஒங்க பக்கத்துச் சொந்தங்களையும் வரச் சொல்லணும். எத்தன பேர் இருப்பாங்கம்மா?" என்று டாப்னி மேவிஸிடம் ஆசையாகக் கேட்டாள்.

அந்த முகத்தைப் பார்த்து 'யாரும் இல்லை' என்று சொல்ல மேவிஸுக்கும் வாய் வரவில்லை. "அது இருப்பாங்க, ஒரு பஸ்ஸுக்கு" என்றாள்.

ரோலண்ட் இதைக் கேட்டு அழுதே விட்டார்.

நாற்காலிகளை மடிக்க எல்லோரும் எழுந்த நேரத்தில் மேவிஸ் கணவரை மூலைக்கு இழுத்தாள். "ஒரு பஸ் நிறைய திம்பிள்தோர்ப்புக்கு நான் எங்கங்க போவேன்? போய் அந்தம்மாகிட்ட உண்மையச் சொல்லுங்க. சொல்லாம வந்தீங்க, காரத் தொறக்கவே மாட்டேன்."

"அவங்க மனசு ஒடஞ்சிடும் மேவிஸ். வருஷக்கணக்கா காத்திருந்தேன்னு அழுதாங்கடி."

"இன்னிக்குச் சொன்னா ஒரு அழுகை. அடுத்த வருஷம் நம்ம வீட்டுக்கு வந்து ஏமாந்தாங்கன்னா?"

அது நியாயமாகத்தான் பட்டது. வினிஃப்ரெட் வாசலருகே கோட்டை மாட்டிக்கொண்டிருந்தாள், ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு. அவ்வளவு சந்தோஷமாக இருந்த ஒருவரை அன்று முழுவதும் கிளிஃபர்ட் பார்க்கவில்லை. பாவி, ஒரு துண்டு கேக்குக்காக ஒரு குடும்பத்தின் நம்பிக்கையையே கெடுக்கப் போகிறோமே என்று தன்னையே திட்டிக்கொண்டார். திட்டியதில் கொஞ்சம் தைரியம் வந்தது.

"அம்மா, என்ன மன்னிக்கணும். நான் திம்பிள்தோர்ப் இல்ல. வடக்குல எனக்கு யாரையும் தெரியாது. மழைக்கு ஒதுங்கினேன், கேக்கப் பாத்தேன், அப்புறம் எப்படிச் சொல்றதுனு தெரியல."

வினிஃப்ரெட்டின் கை கோட்டுப் பொத்தானிலேயே நின்றுவிட்டது. முகம் அப்படியே தொங்கிப்போயிற்று. கிளிஃபர்டுக்கு அழுகையே வந்துவிட்டது. "தயவுசெஞ்சு வருத்தப்படாதீங்கம்மா" என்றார்.

அவள் கூடத்துக்குள் ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். கோட்டைக் கழற்றி, பழைய ஆணியிலேயே மாட்டினாள்.

"மெதுவாப் பேசுங்க தம்பி, ரோலண்டும் டாப்னியும் தனித்தனியா வந்து இதே எடத்துல இதையேதான் சொன்னாங்க, நாய்க்குட்டி பழக்குற வகுப்புனு நெனச்சு உள்ள வந்தவ நான், அசல் திம்பிள்தோர்ப் ஒருத்தராவது வந்தா பொறுப்பக் குடுத்துட்டு வீட்டுக்குப் போயிடலாம்னு பாக்கறேன், இன்னும் ஒருத்தரும் வந்தபாடில்ல."