கண் பரிசோதனைக்குப் போர்ஷன் கேட்டவள்

"அம்மா, அன்னைக்கு நான் பாஸா, பெயிலா?"

என் மகள் காந்திமதி இந்தக் கேள்வியை முதன்முதலில் கேட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. இன்னும் என்னிடம் பதில் இல்லை. பாஸ் என்றால் பொய். பெயில் என்றால் அதைவிடப் பெரிய பொய். பெயிலானது யார் என்று எனக்குத் தெரியும், அந்தப் பெயரைச் சொல்லத்தான் துணிச்சல் வரவில்லை. ஆகவே கேள்வி வரும்போதெல்லாம், "பால் ஆறிப்போகுது, குடி" என்று சமாளித்துக்கொண்டிருக்கிறேன்.

என் குணத்தைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். நான் எம்.எஸ்சி. கணிதம் படித்தவள். தயார் செய்யாமல் எந்தத் தேர்வுக்கும் போனதில்லை. வயிற்றில் காந்திமதி இருந்தபோது சர்க்கரைப் பரிசோதனைக்கு வரச் சொன்னார்கள். ஒரு வாரம் முன்பே இனிப்பையும் சோற்றையும் நிறுத்திவிட்டுப் போனேன். டாக்டர் பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன். (திட்டினார்.)

அப்படிப்பட்டவளுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. வெள்ளிக்கிழமை ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கண், காது பரிசோதனை முகாம், பெற்றோரில் ஒருவர் உடன் வரவும் என்று இரண்டே வரி. மற்ற அம்மாக்கள் அதைப் படித்துவிட்டு மடித்து வைத்திருப்பார்கள். நான் காலண்டரை எடுத்து எண்ணினேன். முழுதாக இரண்டு நாள்தான் இருந்தது.

புதன்கிழமை மாலை மகளைக் கூப்பிடப் போனபோது வகுப்பாசிரியையிடம் மெதுவாகக் கேட்டேன்: "மிஸ், வெள்ளிக்கிழமைக்கு போர்ஷன் என்ன?" அவர் வாய்விட்டுச் சிரித்தார். வெளியில் சொல்லக் கூடாது போலிருக்கிறது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

திரும்பி நடக்கும்போது மழலையர் வகுப்பின் ஜன்னல் கண்ணில் பட்டது. முகாம்காரர்கள் சாமான்களை முன்கூட்டியே இறக்கி வைத்து, சுவரில் சார்ட்டையும் மாட்டியிருந்தார்கள். எழுத்து தெரியாத சின்னப் பிள்ளைகளுக்கான சார்ட் அது. 'ஈ' என்ற ஒரே ஆங்கில எழுத்துதான் மேலே பெரிதாகவும் கீழே வரவரச் சிறிதாகவும் இருக்கும். ஒன்று வலது பக்கம் பார்க்கும், ஒன்று மேலே பார்க்கும், ஒன்று கீழே பார்க்கும். அதன் மூன்று கால்களும் எந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கின்றன என்று குழந்தை கையால் காட்ட வேண்டும், அவ்வளவுதான். நான் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, ஜன்னல் கம்பிக்குள் கையை விட்டுப் படம் எடுத்தேன். வாழ்க்கையில் ஒரு பிட்டுக்கூட அடித்திராத நான், முப்பத்தொன்றாம் வயதில் கேள்வித்தாளையே கடத்தினேன்.

வண்ணார்பேட்டை ஜெராக்ஸ் கடை அண்ணாச்சி அதைப் பெரிதாக அச்செடுத்துக் கொடுத்துவிட்டு, எந்த வகுப்புப் பாடம் என்று கேட்டார். ஒன்றாம் வகுப்பு என்றேன்.

"ஒரே எழுத்தால்லா இருக்கு," என்றார். "இப்பம் இப்பிடித்தான் நடத்துதாங்களோ?"

பிரிட்ஜ் கதவில் ஒட்டிப் பயிற்சி தொடங்கினோம். இரண்டு நாள் நாட்டிய வகுப்புக்குப் போன அனுபவம் காந்திமதிக்கு இருந்ததால், நான் அதைத் தாளத்தோடு அமைத்தேன். வலது, மேலே, கீழே. இடது, இடது, மேலே, வலது. மூன்றாம் வரி வந்தால் கையோடு காலும் சேர்ந்துகொள்ளும். பாத்திரம் தேய்க்கும்போதும் குளிப்பாட்டும்போதும் ஒப்பிக்கச் சொன்னேன். நான் போட்ட ஒரே ஒரு விதி: "தெரியலைன்னு மட்டும் சொல்லக் கூடாது."

இப்போது நான் சொல்லப்போகும் விஷயத்தை அன்று கவனித்திருந்தால் இந்தக் கட்டுரையே இருந்திருக்காது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு சொல்லச் சொன்னேன். இடது கண்ணை மூடினால் சமர்த்தாகச் சொன்னாள். வலது கண்ணை மூடினால் மட்டும் முகத்தைத் திருப்பினாள், விரல் இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தாள். பத்துத் தடவை சொன்னாலும் பத்துத் தடவையும் எட்டிப் பார்த்தாள். படித்த தாய் இதிலிருந்து என்ன புரிந்துகொள்ள வேண்டும்? நான் புரிந்துகொண்டது, பிள்ளை ஏமாற்றுகிறாள் என்று. "கள்ளத்தனம் பண்ணப்பிடாது" என்று அதட்டி, கையை இறுக்கிப் பிடித்து மூடி, பார்க்காமலேயே சொல்கிற அளவுக்கு மனப்பாடம் செய்ய வைத்தேன்.

என் கணவர் பேட்டையில் சிறிய பட்டறை வைத்திருக்கிறார். அன்று இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவர் பிரிட்ஜையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏட்டி, கண்ணு தெரியுதான்னு பாக்கத்தான வாராங்க? அதுக்கு எதுக்கு படிக்க வைக்கே?" என்று கேட்டார். மற்றப் பிள்ளைகளெல்லாம் கடகடவென்று சொல்லி, இவள் மட்டும் முழித்துக்கொண்டு நின்றால் என்ன ஆவது என்று நான் திருப்பிக் கேட்டேன். இரும்புத் துண்டைக் கையில் வாங்கினாலே அளவு சொல்லிவிடுகிற மனிதர் அவர். என்னிடம் மட்டும் அளவு தவறிவிடும். ரசத்தை ஊற்றிக்கொண்டார்.

வியாழக்கிழமை காதுப் பாடம். ரகசியமாகப் பேசிக் காது கேட்கிறதா என்று பார்ப்பார்கள் எனக் கேள்விப்பட்டு, அடுப்படியிலிருந்து காற்றுக் குரலில் "ஐஸ்கிரீம்" என்றேன். தெருவிலிருந்து ஓடி வந்தாள். காது கேட்பதில் குறை ஒன்றுமில்லை. ஆனாலும் டாக்டர் உள்ளே பார்க்கும்போது சுத்தமாக இருக்க வேண்டாமா? தேங்காய் எண்ணெயை வெதுவெதுப்பாக்கி இரண்டு காதிலும் தாராளமாக ஊற்றினேன். வெள்ளி காலையில் மறுபடியும் கொஞ்சம். (சந்தேகம் வந்தால் இன்னொரு தடவை செய்வது என் வழக்கம்.)

முகாமில் முதல் மேசை காது டாக்டருடையது. வயதானவர். விளக்கு வைத்த கருவியைக் காந்திமதியின் காதில் வைத்துப் பார்த்தார். துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அடுத்த காதையும் பார்த்தார்.

"ஏம்மா, இது காதா, தாளிக்கிற சட்டியா?"

வரிசையில் நின்ற அம்மாக்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்காமல் எடுத்துச் சொன்னார். காதில் அழுக்கு சேர்வது இயல்பு, பெரும்பாலும் அது தானாகவே வெளியே வந்துவிடும், எண்ணெய் ஊற்றவும் வேண்டாம், குச்சி விட்டு நோண்டவும் வேண்டாம். எண்ணெய்க்குள் தனக்கு எதுவும் தெரியவில்லை என்றும், ஒரு வாரம் கழித்துக் கூட்டி வரும்படியும் சொல்லி அனுப்பினார். (கூட்டிப் போனோம். காதில் ஒரு குறையும் இல்லை.) அட்டையில் 'பார்க்க இயலவில்லை' என்று எழுதினார். என் மகளின் அட்டையில் விழுந்த முதல் கரும்புள்ளி. கண்ணில் நூற்றுக்கு நூறு வாங்கி இதைச் சரிக்கட்டிவிட வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

கண் பரிசோதனை செய்தது ஜெபராணி என்ற பெண். திசையன்விளை பக்கம் ஊர், கண் மருத்துவமனை ஒன்றில் வேலை. இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. காலையிலிருந்து நின்றுகொண்டேதான் இருந்தாள், ஆனாலும் ஒவ்வொரு பிள்ளையையும் அன்றைய முதல் பிள்ளைபோலப் பெயர் கேட்டுக் கூப்பிட்டாள். நான் செல்போனில் வீடியோவை ஓடவிட்டேன்.

முதலில் இடது கண்ணை மறைத்தாள். காந்திமதி வலது கண்ணால் பார்த்துப் பிசிறில்லாமல் காட்டினாள். பிறகு வலது கண்ணை மறைத்தாள். இப்போது என் மகள் முன்னைவிட வேகமாகக் காட்டினாள். ஜெபராணியின் குச்சி இரண்டாம் வரியில் இருக்கும்போது இவள் நான்காம் வரியில் இருந்தாள். காலும் ஆடியது. வீடியோவில் என் குரல் கேட்கும்: "சூப்பர் பாப்பா."

"பைய, பைய," என்றாள் ஜெபராணி. பிறகு, "இரு, தூசியா இருக்கு" என்று சொல்லி, சார்ட்டைக் கழற்றித் துணியால் துடைத்து மறுபடி மாட்டினாள். தலைகீழாக.

பெரிய எழுத்து அடியில் கிடக்கிறது, பொடி எழுத்தெல்லாம் உச்சியில் நிற்கிறது. எனக்கு ரத்தம் கொதித்தது. போர்ஷனில் இல்லாத கேள்வி அல்லவா? எழுந்து நின்று, "மேடம், நீங்க சார்ட்டை…" என்று ஆரம்பித்தேன். அவள் திரும்பாமலேயே எனக்குக் கையைக் காட்டி நிறுத்தினாள். "பாப்பா, இப்பம் சொல்லு" என்றாள்.

காந்திமதி சொன்னாள். வலது, மேலே, கீழே. இடது, இடது, மேலே, வலது. ஒன்றுகூட மாறவில்லை. காலும் ஆடியது.

ஜெபராணி மறைப்பை அடுத்த கண்ணுக்கு மாற்றினாள். வலது கண் திறந்ததும் காந்திமதியின் கை பாதியில் நின்றது. "மிஸ், தலைகீழா மாட்டிட்டீங்க" என்றாள்.

அத்தனை பெரிய எழுத்து இடம் மாறியது ஒரு கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது, இன்னொரு கண்ணுக்குத் தெரியவே இல்லை. அது என் மண்டையில் ஏறச் சில நொடிகள் ஆயின. வீடியோவில் அதற்குப் பிறகு என் செருப்புதான் தெரியும்.

"இத யாரு சொல்லிக் குடுத்தா பாப்பா?"

"அம்மா. பிரிட்ஜ்ல ஒட்டியிருக்கு. தெரியலைன்னு சொல்லக் கூடாது."

வரிசை முழுவதும் என்னைப் பார்த்தது. இப்போது யாரும் சிரிக்கவில்லை. அதற்குப் பதில், காதில் எண்ணெய் ஊற்றியவள் என்ற பட்டத்தோடே போயிருக்கலாம் என்று தோன்றியது.

அந்தப் பெண் என்னைத் திட்டியிருக்கலாம், திட்டுவதற்கு எல்லாக் காரணமும் இருந்தது. ஆனால் அவள் முதலில் செய்தது, காந்திமதியின் கன்னத்தைத் தட்டி, இவ்வளவு ஞாபகசக்தியுள்ள பிள்ளையைத் தான் பார்த்ததில்லை என்று சொன்னது. பிறகு என்னை ஓரமாக அழைத்துப் போனாள்.

"அக்கா, இடது கண்ணு பார்வை ரொம்பக் கம்மியா இருக்கு. அந்தக் கண்ணுக்கு பவர் கூட இருக்கும்னு நெனைக்கேன். வெளிய பாத்தா ஒண்ணும் தெரியாது. ஒரு கண்ணு நல்லாப் பாக்கதுனால மூளை மத்த கண்ண அப்பிடியே விட்டுரும். சோம்பல் கண்ணுன்னு சொல்லுவோம்."

சரியாகிவிடுமா என்று கேட்டேன்.

"ஆறு வயசுதான, நல்ல நேரத்துலதான் பாத்திருக்கோம். கண்ணாடி போட்டு, நல்ல கண்ண ஒட்டுப் போட்டு மறைச்சு, இந்தக் கண்ண வேலை வாங்கணும். லேட்டானா கஷ்டம்." அட்டையை எடுத்துக் காட்டினாள். "இன்னைக்கு பாஸ்னு எழுதி அனுப்பியிருந்தா, நீங்க அடுத்து எப்பக்கா கூட்டிட்டு வந்திருப்பீங்க?"

வந்திருக்கவே மாட்டேன். அதுதான் உண்மை. பாஸான பிள்ளையை யார் மறுபடி தேர்வுக்குக் கூட்டிப்போவார்கள்?

மறுநாளே அவள் வேலை பார்க்கும் மருத்துவமனைக்குப் போனோம். அவள் சொன்னதைத்தான் டாக்டரும் சொன்னார். கண்ணாடி வந்தது. தினமும் இரண்டு மணி நேரம் வலது கண்ணில் ஒட்டு. முதல் நாள் ஒட்டுப் போட்டதும் கதவு நிலையில் இடித்துக்கொண்டாள். பிறகு, நான் நாலடி தூரத்தில் நின்றுகொண்டிருக்கும்போதே, "அம்மா, நீ எங்க இருக்க?" என்று கேட்டாள். நான் அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

அவள் அழவில்லை. ஒட்டின்மேல் தானே ஒரு கண் வரைந்துகொண்டாள், இமை முடியோடு. ஜெபராணி சொல்லிக்கொடுத்தபடி உளுந்தையும் பாசிப்பருப்பையும் கலந்து வைப்பேன், மூக்கு தட்டில் முட்டுகிற அளவுக்குக் குனிந்து பிரிப்பாள். ஒரு மாதம் கழித்துக் கொஞ்சம் நிமிர்ந்தாள். பிறகு இன்னும் கொஞ்சம். ஆறு வயதில் ஒரு பிள்ளைக்கு இத்தனை பொறுமை எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. என்னிடமிருந்து இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

இதற்கிடையில் அந்த வீடியோ குடும்பத்தில் எல்லோருடைய செல்போனுக்கும் போய்விட்டது. என் நாத்தனார் அதைக் காட்டாத உறவினர் இல்லை. வீட்டில் யாராவது எதற்காவது யோசிக்காமல் பதில் சொன்னால், என் கணவர் உடனே, "சார்ட்டைத் திருப்பி மாட்டு" என்பார். பால்காரர் பாலில் தண்ணீரே கலக்கவில்லை என்று சத்தியம் செய்தபோதும் இதைத்தான் சொன்னார். பாவம், அவர் எந்தச் சார்ட் என்று திகைத்துப்போனார்.

போன மறுபரிசோதனையில் காந்திமதி இடது கண்ணால் ஐந்து வரி சொன்னாள். டாக்டர் மகிழ்ந்தார், நான் மிதந்தேன். திரும்பும் வழியில் ஆட்டோ ஆற்றுப் பாலத்தில் ஏறும்போது அவள் என் காதோடு சொன்னாள்: "அம்மா, இந்தத் தடவை நீ சொல்லித் தரவே இல்ல. உக்காந்திருக்கும்போது நானே பாத்து மனப்பாடம் பண்ணிட்டேன்."

பாலம் முடிந்ததும் ஆட்டோவைத் திருப்பச் சொன்னேன். ஜெபராணி எங்களைப் பார்த்ததும் விஷயத்தைப் புரிந்துகொண்டாள். அன்றுதான் அவள் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது. சார்ட்டைத் திருப்பி மாட்டினாள். உண்மையான கணக்கு மூன்று வரி. ஆரம்பத்தில் ஒன்றுமே இல்லாத இடத்தில் மூன்று வரி. அதுவே எங்களுக்குத் திருவிழாதான்.

ஆனால் அதற்குப் பிறகு நான் ஒரு காரியம் செய்தேன். தெரியாததைத் தெரியவில்லை என்று சொல்லிப் பழகட்டும் என்று, வீட்டில் பழகும்போது உண்மையாகத் "தெரியலை" என்று சொன்னால் ஒரு கடலைமிட்டாய் என அறிவித்தேன். மூன்றே நாள். இப்போது நல்ல கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, உள்ளங்கை அகலமுள்ள முதல் எழுத்தைக் காட்டினாலும், "தெரியலை" என்கிறாள். கை மிட்டாய்க்கு நீண்டிருக்கிறது.

அடுத்த வாரம் மறுபரிசோதனை. ஒட்டை நிறுத்துவதா தொடர்வதா என்பது அவள் சொல்லப்போகும் பதிலை வைத்துத்தான் முடிவாகும். மனப்பாடம் செய்ய வைக்க எனக்குத் தெரியும், மிட்டாய் கொடுக்கவும் தெரியும். பார்த்ததைப் பார்த்தபடி, யாரையும் மகிழ்விக்க நினைக்காமல் சொல்ல ஒரு குழந்தையை எப்படிப் பழக்குவது? உங்கள் வீட்டில் செய்து பார்த்த வழி ஏதாவது இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். அந்த வழியையும் நான் அவளுக்கு மனப்பாடம் செய்ய வைக்காமல் இருப்பதற்கும் ஒரு வழி சேர்த்து எழுதினால் நல்லது.