தலைகீழ் ராட்சசனும் ஒரு புயல் எச்சரிக்கையும்

"இன்னொரு தடவை சத்தமா வாசிம்மா," என்றார் பி.டி. மாஸ்டர். பல் தேய்க்கும் பிரஷ் இன்னும் வாயிலேயே இருந்தது.

மகள் சுண்டு, ஹோட்டல் அறை டி.வி.க்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, திரையின் அடியில் ஓடிய எழுத்துகளை வாசித்தாள். "புயல் காரணமாக இன்று பிற்பகல் பலத்த காற்றுடன் கனமழை பெய்ய வாய்ப்பு. பொதுமக்கள் எச்சரிக்கையாக இருக்குமாறு..."

"பலத்த காத்தா? நல்லாப் பார்த்தியா?"

"பலத்த காத்துதான்ப்பா. அப்போ பார்க்ல எல்லாத்தையும் மூடிடுவாங்களா? தலைகீழ் ராட்சசனையும் மூடிடுவாங்களா?"

குழந்தையின் முகம் போன போக்கைப் பார்த்து மாஸ்டருக்குப் பாவமாக இருந்தது. ஆனால் வயிற்றில் பால் வார்த்தது போலவும் இருந்தது. இரண்டு உணர்ச்சிகளையும் ஒரே முகத்தில் காட்ட முடியாது என்பதால் வாய் கொப்பளிக்கக் குளியலறைக்குள் போய்விட்டார்.

தலைகீழ் ராட்சசன் என்பது அந்தத் தீம் பார்க்கின் ரோலர் கோஸ்டர். பார்க்குக்குள்ளேயே இருந்த ஹோட்டலின் எந்த ஜன்னலைத் திறந்தாலும் அதுதான் தெரியும். வண்டி முதலில் நத்தை மாதிரி மேலே ஏறும். உச்சியில் கொஞ்சம் யோசிக்கும். பிறகு அங்கிருந்து விழும். விழுந்த வேகத்தில் இரண்டு முறை குட்டிக்கரணம் போட்டு, ஒரு குகைக்குள் புகுந்து வெளியே வரும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே இடத்துக்கு வந்திருந்தார்கள். சுண்டுவுக்கு அப்போது உயரம் போதாது என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தத் தைரியத்தில் மாஸ்டர் மார்பை நிமிர்த்திக்கொண்டு பேசிவிட்டார். "சே! உயரம் மட்டும் இருந்திருந்தா ரெண்டு பேரும் பத்து ரவுண்டு போயிருக்கலாம். எனக்கு இதுன்னா உயிர் தெரியுமா? நீ வளர்ந்ததும் முதல் வேலை இதுதான்!"

குழந்தைகளிடம் இது ஒன்றுதான் தொந்தரவு. சொல்லாமல் கொள்ளாமல் வளர்ந்துவிடுகின்றன.

பள்ளிக்கூடமே அவர் விசிலுக்கு நடுங்கும். வீட்டிலோ பல்பு மாற்ற வேண்டுமென்றால் மனைவிதான் ஸ்டூலில் ஏறுவாள். மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு ஸ்டூலைப் பிடித்துக்கொள்வார்.

"ஏங்க, பேசாம அவகிட்ட உண்மையைச் சொல்லிடுங்க," என்றாள் மனைவி, தலை வாரிக்கொண்டே. சுண்டு அப்போதுதான், உயரக் கம்பத்துல அளந்து பார்த்துட்டு வரேன் என்று கீழே ஓடியிருந்தாள்.

"என்ன உண்மை?"

"பயம்னு."

"எனக்கென்ன பயம்? குழந்தை பயந்துடக் கூடாதேன்னுதான்..."

"அவளா? காலையில எழுந்ததும் எழாததுமா உயரம் அளக்க ஓடறா. அவளா பயப்படறா?"

மாஸ்டர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "எங்கப்பாவுக்கு பயமே கிடையாதுன்னு கிளாஸ் பூரா சொல்லி வெச்சிருக்கா. இப்போ போய், அப்பா ஒரு பயந்தாங்கொள்ளின்னு எப்படிச் சொல்றது? அப்புறம் அவ மூஞ்சியை நான் எப்படிப் பார்ப்பேன்?"

மனைவிக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்கவில்லை. அவ்வளவு நல்லவள்.

மாஸ்டர் நேராக ஹோட்டல் மேனேஜரிடம் போனார். மேனேஜர் ஏற்கெனவே டையைத் தளர்த்திவிட்டு விசிறிக்கொண்டிருந்தார். புயல் என்றதும் ஊழியர்களில் பாதிப் பேர் வேலைக்கு வரவில்லை.

"சார், புயல் வருதே, ராட்சசனை எப்போ மூடுவீங்க?"

"காத்து நிஜமா அடிச்சா மூடுவோம் சார். இல்லேன்னா கூட்டத்தை எல்லாம் உள்ளே கொண்டுவந்து உட்கார வைக்கிற நிலைமை வந்தா மூடுவோம்."

முதலாவது இயற்கையின் கையில் இருந்தது. இரண்டாவது? மாஸ்டர் சட்டைக்குள் கைவிட்டுக் கழுத்தில் தொங்கிய விசிலைத் தொட்டுப் பார்த்தார். அவர் லீவு எடுத்தாலும் விசில் லீவு எடுப்பதில்லை.

"நீச்சல் குளத்துப் பக்கம் அத்தனை குடை விரிச்சு வெச்சிருக்கீங்களே, காத்துல ஒண்ணு பறந்து போய் யார் மண்டையிலயாவது இறங்கினா?"

மேனேஜர் விசிறுவதை நிறுத்தினார். "அய்யய்யோ. ஆனா எடுக்க ஆள் இல்லையே சார்."

"ஆளை நான் பார்த்துக்கறேன்."

அடுத்த நிமிஷம் குளத்தங்கரையில் விசில் அலறியது. நாற்காலிகளில் சாய்ந்திருந்த பெரிய மனிதர்களெல்லாம் ஏதோ பழைய ஞாபகத்தில் விருட்டென்று எழுந்து வரிசையில் நின்றார்கள். "ஒரு கை தூரம்! இடைவெளி! குடையை மடக்கு! நாற்காலியைக் கைமாத்து!" என்று மாஸ்டர் கத்த, குடைகளும் நாற்காலிகளும் கைக்குக் கை மாறி உள்ளே போயின.

எல்லாரையும் விடச் சுறுசுறுப்பாக ஓடியது சுண்டுதான். உயரம் அளக்கப் போனவள் எப்போது திரும்பினாளோ, ஒரு கையில் நாலு வாளியைத் தூக்கிக்கொண்டு நின்றாள். "அப்பா, அந்த ஐஸ்கிரீம் வண்டியையும் உள்ளே தள்ளிடலாமா? அந்தக் கொடியையும் இறக்கிடலாமா?"

தன் ஆசையில் மண் விழப்போகிறது என்று தெரிந்தும் இப்படி உழைக்கிறதே குழந்தை என்று மாஸ்டருக்குக் கண் கலங்கியது.

எல்லாவற்றையும் உள்ளே வைத்துக் கதவைச் சாத்தியதும் மேகம் விலகி வெயில் சுள்ளென்று அடித்தது. உட்கார நாற்காலி இல்லை. ஒதுங்கக் குடை இல்லை. ஈர உடம்போடு நின்ற கூட்டம் மெல்ல மாஸ்டர் பக்கம் திரும்பியது.

"குடையைப் பிடுங்கிட்டீங்க. நாங்க என்ன, கருவாடா காயணுமா?" என்றார் ஒரு தொந்திக்காரர். இடுப்பில் ஒரு வாத்து மிதவையை மாட்டியிருந்ததால் அவருடைய கோபத்துக்கு உரிய மரியாதை கிடைக்கவில்லை.

"இது புயலுக்கு முந்தின அமைதி சார்!" என்றார் மாஸ்டர். "எல்லாரும் பெரிய ஹாலுக்குள்ளே வாங்க. அதுதான் பாதுகாப்பு." மறுபடியும் விசில். மறுபடியும் வரிசை.

ஹாலில் ஏற்கெனவே குளத்து நாற்காலிகள் கூரை வரை அடுக்கப்பட்டிருந்தன. மிச்சமிருந்த இடத்தில் கூட்டம் நின்றது. காற்றுக்குக் கண்ணாடி நொறுங்காமல் இருக்க ஜன்னல்களில் குறுக்கும் நெடுக்கும் டேப் ஒட்டி, திரைகளையும் இழுத்துவிட்டார் மாஸ்டர். இருட்டானதும் ஒரு குழந்தை அழுதது. அதைப் பார்த்து இன்னொன்று. பிறகு எந்தக் குழந்தை அழுகிறது என்று அதன் அம்மாவுக்கே தெரியவில்லை.

"உங்களை யாருங்க இதெல்லாம் செய்யச் சொன்னது?" என்றாள் மனைவி, காதைப் பொத்திக்கொண்டு. "வேலியில போற ஓணானை எடுத்து..."

"முழுசாச் சொல்லாதே. நானே அந்த ஓணானோட அவஸ்தைப்பட்டுட்டு இருக்கேன்."

அழுகிற குழந்தைகளை அடக்க ஒரு பி.டி. மாஸ்டருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். அடுக்கிய நாற்காலிகளை இறக்கினார். பாட்டைப் போட்டு, நிறுத்தி, நாற்காலிப் போட்டி வைத்தார். அடுத்து ஸ்பூனில் எலுமிச்சம்பழத்தை வைத்து வாயில் கவ்விக்கொண்டு ஓடவிட்டார். குளியல் துண்டுகளை முடிச்சுப் போட்டுக் கயிறாக்கி, கணவர்கள் ஒரு பக்கம், மனைவிகள் ஒரு பக்கம் என்று இழுக்க வைத்தார். மனைவிகள் ஒரே இழுப்பில் ஜெயித்தார்கள். வாத்து மிதவைக்காரர் ஹாலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை வழுக்கிக்கொண்டே போய், எழுந்து, "இன்னொரு தடவை!" என்று கத்தினார்.

அவ்வளவுதான். ஹாலே அதிர்ந்தது. சத்தம் கேட்டுப் பார்க்கில் சுற்றிக்கொண்டிருந்தவர்களும் உள்ளே வந்தார்கள். வந்தவர்கள் போன் போட்டு மற்றவர்களையும் வரச் சொன்னார்கள். வெளியே ஈ காக்கை இல்லை. மாஸ்டர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு நிம்மதியாகச் சுவரில் சாய்ந்தார். இனி ராட்சசனை மூடாமல் என்ன செய்வார்கள்?

சுண்டு வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "மூடிட்டாங்களாப்பா?"

"தெரியலைம்மா. மூடியிருப்பாங்க. வருத்தப்படாதே, என்ன?"

"இல்லப்பா, நீங்க வருத்தப்படாதீங்க," என்றாள் சுண்டு.

எவ்வளவு பெரிய மனசு! அவளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார் மாஸ்டர். அவ்வளவு உயரம்தான் அவருக்கு ஒத்துவரும்.

அப்போது மைக் கரகரத்தது. மேடையில் மேனேஜர். டை இப்போது ஒழுங்காக இருந்தது.

"அன்பான விருந்தினர்களே! புயல் வலுவிழந்து திசை மாறிடுச்சுன்னு இப்பதான் செய்தி வந்தது!" யாரோ திரையை இழுக்க, டேப் ஒட்டிய ஜன்னல் வழியே பளீரென்று வெயில் உள்ளே விழுந்தது. "ராட்சசனை மூடச் சொல்லிப் போனைக் கையில எடுத்தேன். அதுக்குள்ள வானம் தெளிஞ்சிடுச்சு. இந்த ஹோட்டல் தொடங்கின நாள்லேர்ந்து இவ்வளவு சந்தோஷமான கூட்டத்தை நான் பார்த்ததே இல்லை. இதுக்கெல்லாம் காரணம் நம்ம மாஸ்டர்!"

ஹாலே கைதட்டியது. மாஸ்டர் அடக்கமாகக் கும்பிட்டார்.

"அவருக்கு நாங்க என்ன கைம்மாறு செய்யறது? யோசிச்சேன். காலையிலேயே என்கிட்ட வந்து, ராட்சசனை மூடிடுவீங்களா, மூடிடுவீங்களான்னு துடிச்ச மனுஷன் சார் இவர்! அதனால மாஸ்டருக்கும் அவர் பொண்ணுக்கும் தலைகீழ் ராட்சசன்ல முதல் வரிசை! க்யூ கிடையாது! சாயங்காலம் வரைக்கும் எத்தனை ரவுண்டு வேணும்னாலும்!"

கும்பிட்ட கை கும்பிட்டபடியே நின்றது. சுண்டுவைப் பார்த்தார். அவள் வாய் திறந்திருந்தது. கண்ணில் நீர் தளும்பியது.

"பாருங்க, சந்தோஷத்துல குழந்தைக்கு அழுகையே வந்துடுச்சு!" என்றார் மேனேஜர் மைக்கில்.

கூட்டம் மாஸ்டரைத் தோளில் தூக்காத குறையாக அழைத்துப் போனது. ராட்சசனின் வாசலில் நின்ற பெண்மணி சுண்டுவை அளவுக் கம்பத்தில் நிறுத்தி, தலையைத் தொட்டுப் பார்த்து, "சரியா இருக்கு, போங்க," என்று சிரித்தபடி கதவைத் திறந்துவிட்டாள். மனைவி மாஸ்டரின் கண்ணாடியை மட்டும் பத்திரமாக வாங்கி வைத்துக்கொண்டாள்.

வண்டி ஏறியது. உச்சியில் யோசித்தது. மாஸ்டரும் யோசித்தார். தன் இன்ஷூரன்ஸ் தொகையைப் பற்றி. பிறகு உலகம் தலைகீழானது. பயத்தில் பற்களுக்கு நடுவே விசிலைக் கவ்வியிருந்ததால், அவர் அலறிய அலறலெல்லாம் விசிலாகவே வெளியே வந்தது. கீழே நின்ற கூட்டம், மனுஷன் உற்சாகத்தில் விசிலடிக்கிறார் என்று நினைத்துப் பதிலுக்கு விசிலடித்தது.

வண்டி நின்றது. இருவர் தலைமுடியும் வானத்தைக் காட்டிக்கொண்டிருந்தது.

"சூப்பரா இருந்துச்சுல்லப்பா?" என்றாள் சுண்டு, பல் கிடுகிடுக்க.

"பிரமாதம்மா," என்றார் மாஸ்டர். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"உங்களுக்கு இன்னொரு ரவுண்டு போகணுமாப்பா?"

பிஞ்சு முகம். அதில் எவ்வளவு எதிர்பார்ப்பு! அந்த ஒரு கணம் மாஸ்டருக்குத் தன் பயமெல்லாம் துச்சமாகத் தெரிந்தது. பெற்ற பெண்ணுக்காக இன்னொரு முறை செத்தால்தான் என்ன?

"ஒண்ணு என்னம்மா, உனக்காக அஞ்சு ரவுண்டு!"

கீழே கைதட்டல் வானைப் பிளந்தது. பாதுகாப்புக் கம்பி மறுபடியும் இறங்கி இருவர் மடியிலும் டக்கென்று பூட்டிக்கொண்டது. பூட்டைச் சரிபார்க்க வந்த பெண்மணி பூரித்துப்போய் மாஸ்டரின் காதருகே குனிந்தாள்.

"குடுத்து வெச்சவர் சார் நீங்க! காலையில உங்க பொண்ணு தனியா வந்து, 'ஆன்ட்டி, இதைப் பார்த்தாலே எனக்கு வயித்தைக் கலக்குது, ஆனா எங்கப்பாவுக்கு இதுன்னா உயிர், மாட்டேன்னு சொன்னா மனசு உடைஞ்சிடுவார், எப்படியாவது எனக்கு உயரம் பத்தலைன்னு சொல்லிடுங்க'ன்னு என் காலைப் பிடிக்காத குறையாக் கெஞ்சுச்சு. நான்தான், பாவம், நீங்க இவ்வளவு ஆசைப்படறீங்களேன்னு உள்ளே விட்டேன்!"