அவசர அறிவிப்பு ஒன்று காணவில்லை

"ஜே எழுத்தைத்தான் தம்பி அமுக்குறேன். ஆறு தடவை அமுக்கிட்டேன். அசைய மாட்டேங்குது," என்றாள் கென்ஜேகுல் போனில்.

"கீபோர்டு கிர்கிஸ்ல இருக்கா, இங்கிலீஷ்ல இருக்கா, பாருங்கக்கா," என்றான் எர்கின்.

கிர்கிஸில் இருந்தது. மாற்றிவிட்டு அமுக்கியதும் கருப்புத் திரையில் வெள்ளைப் பட்டை ஒரு வரி கீழே இறங்கியது. நாற்பத்தைந்து வயதுக் கென்ஜேகுல் கை தட்டிச் சிரித்தாள்.

கிர்கிஸ்தானின் நரின் நகர வானொலியில் தினமும் மாலை ஆறு மணிக்கு அறிவிப்பு வாசிப்பவள் அவள். கோடையில் மந்தையோடு மலையேறிவிட்டவர்களுக்கு ஊரில் யார் பிறந்தார், யார் போனார், யாருடைய குதிரை யார் தோட்டத்தில் நிற்கிறது என்பதெல்லாம் அவள் குரலில்தான் போய்ச் சேரும்.

இன்று மேசையில் டைரக்டர் கைப்பட எழுதிய சீட்டு ஒன்று கிடந்தது. "ஆறு மணிக்கு முதல் அறிவிப்பு. உயிர் போகிற அவசரம். கம்ப்யூட்டரில் இருக்கிறது."

என்ன அவசரம், யாருக்கு என்று ஒரு வார்த்தை இல்லை. டைரக்டர் பக்கத்து ஊர்க் கல்யாணத்துக்குப் போய்விட்டார், அங்கே போனை எடுப்பவர் இல்லை. அவர் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்த பூபுசாரா, பல் டாக்டர் நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு கிடந்தாள்.

கம்ப்யூட்டருக்கோ தள்ளாத வயசு. அதற்குப் பாரம் தாங்கவில்லை என்று போன வாரம் நிலையத்தின் கம்ப்யூட்டர்காரன் எர்கின் எல்லாவற்றையும் உருவிப் போட்டுவிட்டு, கோப்பு தேட இந்தப் புது நிரலை வைத்தான். படம் இல்லை, பொத்தான் இல்லை. வரிசையாகக் கோப்புப் பெயர்கள், ஒரு எழுத்துக்கு ஒரு வேலை, அவ்வளவுதான். "இறகு மாதிரி லேசு," என்று பெருமையடித்தான். மவுஸ் இருந்தால் இவர்கள் கற்றுக்கொள்ள மாட்டார்கள் என்று அதையும் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு சோங்-கோல் மேய்ச்சல் நிலத்துக்கு லீவில் போய்விட்டான்.

போன இடத்தில் அவன் போன் குமிஸ் பீப்பாய்க்குள் விழுந்து குதிரைப்பால் குடித்துச் செத்தது. லீவை இரண்டு நாள் நீட்டிக்கச் சொல்ல, ஒரு மேய்ப்பரின் போனை வாங்கி இன்று நாலு மணிக்குக் கூப்பிட்டான். கென்ஜேகுல் பிடித்த பிடியை விடவில்லை.

"ரெண்டு நிமிஷம்னு சொல்லி வாங்கினேன்கா. போன்காரரு பக்கத்துலயே நிக்கிறாரு."

"அவருகிட்ட குடு."

மேய்ப்பர் பெயர் சாதிபெக். "தங்கச்சி, என் பொண்டாட்டி மூணு நாளா உங்க ஊரு பிரசவ ஆஸ்பத்திரில கெடக்கா. இந்த மேட்டுல, அதுவும் குதிரை மேல உக்காந்தாத்தான் சிக்னலு. தினமும் ஏறி வந்து காத்துக் கெடக்கேன். ஒரு சேதியும் இல்ல."

கென்ஜேகுல் சீட்டைப் பார்த்தாள். உயிர் போகிற அவசரம். "அண்ணே, ஒரு அவசர அறிவிப்பைத்தான் தேடிட்டு இருக்கோம். யாருக்குன்னு தெரியல."

"எனக்குத்தான்!" மேய்ப்பரின் குரல் உடைந்தது. "தம்பி, நீயே பேசு. எவ்வளவு நேரமானாலும் பேசு. குதிரையை விட்டு மட்டும் எறங்கிடாத."

கென்ஜேகுல் கதவைத் திறந்து காவலாளியிடம் சொன்னாள். "முக்தார் அண்ணே, மந்திரியே வந்தாலும் நான் கூப்பிடற வரைக்கும் உள்ள விடாதீங்க. கதவையும் தட்டாதீங்க."

வேலை மும்முரமாயிற்று.

"சாய்வுக்கோட்டை அமுக்கி, 'அவசரம்'னு அடிங்கக்கா."

அடித்தாள். திரை துடைத்துவிட்டதுபோல் ஆயிற்று. "ஐயோ, எல்லாம் போச்சு! ஒரு பேரு கூட இல்ல!"

"எதுவும் போகல. அந்தப் பேருல கோப்பு இல்ல, அதான். பூபுசாரா வேற ஏதோ பேரு வச்சிருக்கு. எஸ்கேப் அமுக்குங்க."

நானூற்றுப் பன்னிரண்டு கோப்புகளும் திரும்பி வந்தன.

"இனிமே ஒவ்வொரு பேரா படிச்சுட்டே வாங்க. ஆனா ஒரே ஒரு கீயை மட்டும் தவறியும் தொட்டுடாதீங்கக்கா. அது எதுன்னா..."

குதிரை புல்லைக் கண்டு இரண்டடி நகர்ந்தது போலிருக்கிறது. குரல் அறுந்தது. இரைச்சல் மட்டும் கேட்டது.

கென்ஜேகுலுக்கு ஒரு சுபாவம். தொடாதே என்றால் விரல் ஊறும். எதைத் தொடக்கூடாது என்பதே தெரியாவிட்டால் மனுஷி என்னதான் செய்வாள்? தெரிந்துகொள்ள ஒரே வழி, ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிடுவதுதான் என்று முடிவு கட்டினாள்.

ஜி-யை அமுக்கினாள். பட்டை அடிமட்டத்துக்கு ஓடியது. பரவாயில்லையே! டபிள்யூவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆர்-ஐ அமுக்கியதும் திரை இங்கிலீஷில் ஏதோ கேட்டது. ஆமாமா, இல்லையா? மரியாதையாகக் கேட்டவரிடம் இல்லை என்று சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. ஆமாம் என்றாள்.

குதிரை பழைய இடத்துக்கு வந்தது. "...ஆர் கீ. அத்தனை பேரையும் அழிச்சுட்டு வெறும் நம்பரா மாத்திடும்."

"நல்ல வேளை சொன்னியே தம்பி," என்றாள் கென்ஜேகுல். அவள் கண்ணெதிரே 001 முதல் 412 வரை சமர்த்தாக நின்றன.

ஒப்புக்கொள்ள மூன்று நிமிடம் ஆயிற்று. எர்கின் திட்டவில்லை, பெருமூச்சு விட்டான். அது திட்டைவிட மோசமாக இருந்தது.

"சரி, ஒவ்வொண்ணா திறந்து பாருங்க. எல் அமுக்கினா திறக்கும், ஹெச் அமுக்கினா மூடும்."

001. நெற்றியில் வெள்ளை உள்ள பழுப்புக் குதிரையைக் காணவில்லை. 002. அதே குதிரை கிடைத்துவிட்டது, தேட வேண்டாம். 014. கல்யாணம் நின்றுவிட்டது, ஆட்டை வெட்ட வேண்டாம்.

"அட! யாரு கல்யாணம்?" மேய்ப்பர் போனருகே வந்துவிட்டார்.

"பேரு போடலண்ணே. இருங்க, 015. கல்யாணம் நடக்கிறது, ஆட்டை வெட்டவும்."

"அப்புறம்?"

"016. ஆடு ஓடிவிட்டது."

மூன்று பேரும் வந்த வேலையை மறந்து அந்த ஆட்டைத் துரத்திக்கொண்டு 031 வரை போனார்கள். மணி ஐந்து இருபது.

முதலில் விழித்துக்கொண்டவன் எர்கின். "இப்படிப் போனா விடிஞ்சிடும். தேதி வாரியா அடுக்குங்க, இன்னைக்கு எழுதினது மேல வந்துரும். டி அமுக்குங்க."

அமுக்கினாள். அந்தக் கிழட்டுக் கம்ப்யூட்டர் தினம் தூங்கி எழும்போதெல்லாம் இன்று ஜனவரி ஒன்று என்று நினைத்துக்கொள்ளுமாம். நானூற்றுப் பன்னிரண்டு கோப்புகளுக்கும் ஒரே பிறந்த நாள்.

மேய்ப்பர் யோசித்தார். "இதை எழுதச் சொன்னது உங்க டைரக்டரா?"

"ஆமாண்ணே."

"போன வருஷம் எங்க மேட்டுல வந்து வாழ்த்துரை பேசினாரு. முடிக்கறதுக்குள்ள பால் கறக்கற நேரமே தாண்டிப் போச்சு. மந்தையில கெடாவைத் தேடற மாதிரி, இருக்கறதுலயே பெரிசைப் பாருங்க தங்கச்சி. அவருதுதான்."

"அண்ணே, நீங்க ஏன் ஆடு மேய்க்கிறீங்க!" எர்கின் கத்தினான். "எஸ் அமுக்குங்கக்கா, பெரிசு மேல வரும்!"

உச்சியில் வந்து நின்றது 207. இரண்டாவதைவிட ஒன்பது மடங்கு பெரியது. எல் அமுக்கினாள், திறந்துகொண்டது.

"சத்தமா படிங்க தங்கச்சி," என்றார் மேய்ப்பர். மூச்சு விடுவதுகூடக் கேட்டது.

"மலையின் மக்களே, மந்தையின் காவலர்களே..." நான்கு திரை முழுக்க வாழ்த்து. புல்லுக்கு வாழ்த்து, மழைக்கு வாழ்த்து, நிலையத்தின் ஆண்டு விழாவுக்கு முன்கூட்டியே வாழ்த்து. ஐந்தாவது திரையில் விஷயம் வந்தது.

"சோங்-கோல் பக்கம் லீவில் திரியும் எங்கள் எர்கினைக் கண்டவர்கள், போனை எடுக்காத அந்த மகானிடம் சொல்லவும். அவன் வைத்துவிட்டுப் போன கருப்புத் திரையில் எங்களால் ஒரு கோப்பைக்கூடக் கண்டுபிடிக்க முடியவில்லை. நிலையத்துக்கு உடனே போன் செய்யட்டும்."



"செஞ்சுட்டேன்கா," என்றான் எர்கின்.

யாரும் சிரிக்கவில்லை. மேய்ப்பர் போனை வாங்கிக்கொண்டார். "அப்ப... எனக்கு ஒண்ணும் இல்லையா தங்கச்சி?"

"இல்லண்ணே. வேற எதுவும் வரல."

"சரிம்மா. பேட்டரியும் போகப் போகுது." இணைப்பு துண்டாகிவிட்டது.

ஒரு மனுஷனை ஒன்றே முக்கால் மணி நேரம் ஆசை காட்டி மேட்டில் நிறுத்தி வைத்துவிட்டோமே என்று கென்ஜேகுலுக்குத் தன் மேலேயே வெறுப்பு வந்தது. எழுந்து போய்க் கதவைத் திறந்தாள்.

"இப்பவாச்சும் சொல்லலாமாம்மா?" என்றார் முக்தார். "ஆஸ்பத்திரி நர்சு ஒண்ணு நாலேகால்லருந்து வாசல்ல நிக்குது. சாதிபெக்குனு யாரோ மேய்ப்பராம், பொண்ணு பொறந்திருக்காம், அவருக்குப் போன் போட்டா விடாம பேச்சுலயே இருக்காம், அதனால நீங்க ரேடியோல சொல்லணுமாம்."