ஓரடி தள்ளிப் போட்ட கோடு

சுண்ணாம்பு மனது வைத்தால் புதுச்சேரியில் எங்கள் பாகூர் கொம்யூனையே ஓரடி கிழக்கே நகர்த்தி வைத்துவிடுவார். மிகைப்படுத்தவில்லை. எங்கள் ஊர்க் கபடிக் களத்தை அவர் வருடக்கணக்காக அப்படித்தான் நகர்த்திக்கொண்டிருந்தார். ஒருவர் கண்ணிலும் படவில்லை, என் கண்ணைத் தவிர. நான் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். கபடிக் குழுவின் தலைவர். ஆகவே வாயை மூடிக்கொண்டேன்.

பெற்றோர் வைத்த பெயர் அவருடைய ரேஷன் கார்டில் இருக்கிறது. வேறெங்கும் இல்லை. தொழில் வெள்ளையடிப்பது. லுங்கி, புருவம், காது மடல் எல்லாம் வெள்ளை. வெயிலில் எதிரே வந்தால் நடந்து வருவது ஆளா, சுவரா என்று சந்தேகம் வரும். ஓட்டை போட்ட பால் பவுடர் டின்னில் சுண்ணாம்புப் பொடியை நிரப்பி, தட்டிக்கொண்டே நடப்பார். நூல் பிடித்ததுபோல் கோடு விழும். அளவுகோல் அவருடைய பாதம்தான்.

"டேப் வச்சி அளக்கக்கூடாதாய்யா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"டேப்பு வெயில்ல நீளும் சார். என் காலு நீளுமா?"

கபடியில் பாடிப் போகிறவர் எதிரணிப் பாதியில் இருக்கும் ஒரு கோட்டைத் தாண்டிவிட்டுத்தான் திரும்பலாம். தாண்டாமல் திரும்பினால் அவுட். சுண்ணாம்பு எங்கள் பாதியில் அந்தக் கோட்டை மட்டும் ஓரடி தள்ளிப் போடுவார். வெளியூர் ஆள் வழக்கம்போல் எட்டு வைத்து, தாண்டிவிட்டதாக நினைத்துத் திரும்புவான். நடுவர் விசில் ஊதுவார். அவன் குனிந்து கோட்டைப் பார்ப்பான். கோடு அவனைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

இடைவேளையில் அணிகள் பக்கம் மாறுமே என்று கேட்பீர்கள். அங்கேதான் போண்டா வருகிறது. இடைவேளையில் வெளியூர் அணிக்கு மட்டும் சூடாகப் போண்டா கொடுப்பது எங்கள் ஊரின் விருந்தோம்பல். அதைக் களத்துக்கு முதுகைக் காட்டி உட்கார வைத்துத்தான் கொடுப்போம். அவர்கள் சட்னி கேட்டுக்கொண்டிருக்கும்போது, "கோடு அழிஞ்சிபோச்சிபா, புதுப்பிக்கணும்" என்று சுண்ணாம்பு டின்னோடு இறங்குவார். போண்டா தீரும்போது அந்த ஓரடி எங்களோடு பக்கம் மாறியிருக்கும்.

இறுதிப் போட்டிக்கு டவுனிலிருந்து நடுவர் டேப்போடு வருவார். டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஒருவர் வேண்டும். யார் பிடித்தார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இத்தனை செய்தும் மாசி மகத்துக்கு மறுநாள் நடக்கும் இறுதிப் போட்டியில் வருடா வருடம் மணப்பட்டு அணியிடம் தோற்றோம். மணப்பட்டில் மீன்பிடிக்கிறவர்கள். கடலில் மூச்சை அடக்கிப் பழகியவர்களுக்கு ஓரடி ஒரு பொருட்டா?

அப்படி இருக்கும்போது எங்களுக்கு வாய்த்தவன் ஏழுமலை. வயது பத்தொன்பது. அம்மா கரும்பு வெட்டப் போகிறவர். அவன் திருபுவனையில் ஒரு ஃபேக்டரியில் ஒப்பந்த வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தான். ஷிப்ட் முடிந்து வந்து, யூனிபாரத்தைக் கழற்றி வேலியில் மாட்டிவிட்டு ஆட இறங்குவான். கோட்டைத் தொட்டுத் திரும்பும் வேகத்தில் நாலு பேர் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

இந்தக் காலத்தில் இப்படி ஒருவன் முளைத்தால் சும்மா விடமாட்டார்கள். சம்பளம் கொடுத்து, ஷூ மாட்டி, ரப்பர் விரிப்பில் ஆடவைத்து டிவியில் காட்டுகிற அணிகள் வந்துவிட்டன. சுண்ணாம்புக்கு அந்தப் பேச்சே ஆகாது. "மண்ணு ஒட்டாத காலு ஒரு காலாடா? எவனாவது ரப்பர் பாய்ல ஆடப் போறேன்னு கெளம்புனீங்க, வூட்டு வாசல்லயே கோடு போட்டுடுவேன். தாண்ட முடியாது!"

ஒரு நாள் அப்படிப்பட்ட அணி ஒன்றுக்காக ஆள் தேடுகிறவர் காரில் வந்து இறங்கினார். கேள்வி கேட்கத் தேர்ந்தெடுத்த ஆள் சுண்ணாம்பு.

"அந்தப் பையன் யாருங்க?"

"எவன்? அவனா? பையன் இல்ல சார் அது. முப்பத்தாறு வயசு. பாக்கத்தான் அப்டி. மூணு புள்ளைங்க. தோ, அங்க மூக்கு ஒழுவிகினு நிக்குது பாரு, அது கடைசி."

"ஏழுண்ணா, எனக்கும் ஒரு ஐஸ் வாங்கித் தாண்ணா!" என்று அந்தக் கடைசிப் பிள்ளை அதே நேரத்தில் ஏழுமலையைப் பார்த்துக் கத்தியது.

வந்தவர் சிரித்துவிட்டார். ஏழுமலையிடம் நேரே போய்ப் பேசினார். சென்னையில் தேர்வு நடக்கும், தகவல் அனுப்புகிறோம் என்று போன் நம்பர் கேட்டார். அவன் போன் திரை உடைந்து கிடந்தது. "சாரு நம்பர எழுதிக்கங்க சார்" என்று என்னைக் காட்டினான்.

அதன் பிறகு தினமும் சைக்கிள் ஸ்டாண்டைக்கூடப் போடாமல் வாசலில் நின்று கேட்பான். "சார், எதனா மெசேஜ் வந்துச்சா?"

"வந்தா சொல்லமாட்டேனாடா?"

வந்தது. மாசி மகத்துக்கு நாலு நாள் முன்பு. தேர்வு, எங்கள் இறுதிப் போட்டி நடக்கும் அதே நாள், காலை பதினொரு மணிக்கு. இரண்டு முறை படித்தேன். பிறகு அழித்தேன்.

காரணத்தை மறைப்பதில் இப்போது பயனில்லை. அந்தக் கோப்பையை ஒருமுறை என் கையால் வாங்க வேண்டும் என்ற ஆசை. எழுபது வயதுக்காரனின் ஆசை. அவனுக்கு அடுத்த வருடமும் வாய்ப்பு வரும், எனக்கு வருமா என்று எனக்கு நானே பாடம் நடத்திக்கொண்டேன். முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளுக்கு நீதி சொல்லிக் கொடுத்தவன் நான். அன்று மாலையும் அவன் வந்து கேட்டான். அன்றும் அதே பதிலைச் சொன்னேன்.

போட்டிக்கு முந்தின நாள் சாயங்காலம், மேடைக்குப் பந்தல் போடுகிறவர்களை விரட்டப் போனேன். போனைக் களத்தோரம் நாற்காலியில் வைத்திருந்தேன். திரும்பி வந்தபோது சுண்ணாம்பு அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். போனிலும் என் நாற்காலியிலும் வெள்ளைக் கைரேகை.

"யாருய்யா போன்ல?"

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ராங் நம்பர் சார்" என்றார். டின்னை எடுத்துக்கொண்டு கோடு போடப் போய்விட்டார்.

மறுநாள் மூன்று மணிக்குக் கூட்டம் கூடிவிட்டது. ஏழுமலையைக் காணோம். சுண்ணாம்பையும் காணோம். அவன் வீட்டுக்கு ஓடினேன். அவன் அம்மா என்னைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார்.

"மொத பஸ்ஸுக்கே சுண்ணாம்பண்ணன் கூட்டினு போயிட்டாரு சார். சென்னையில செலக்சனாமே! சாருதான் அனுப்பச் சொன்னாருன்னு சொன்னாரு. ஊரு ஆட்டத்தகூடப் பாக்காம எம்புள்ளைய அனுப்பினீங்களே, உங்க கால்ல வுழணும் சார்."

விழுந்தும்விட்டார். நான் நின்றேன். என் காலைப் பற்றி அன்றுதான் முதன்முறையாக வெட்கப்பட்டேன்.

களத்துக்கு வந்தால் நடுவர் டேப்பை மடித்துக்கொண்டிருந்தார். "இந்த ஊர்ல இவ்ளோ கரெக்டா கோடு போட்டு நான் பாத்ததே இல்ல சார்!" என்றார். எப்படி ஓரடி தள்ளிப் போடுவார்? இடைவேளையில் மாற்றிப் போட ஆள் இருக்கமாட்டாரே! தள்ளிப் போட்டால் பிற்பாதியில் மணப்பட்டுக்கல்லவா லாபம்? அவ்வளவு அவசரத்திலும் அதை யோசித்திருக்கிறார் மனுசன்.

தோற்றோம். எவ்வளவு என்று எழுத மாட்டேன். போண்டாவை மணப்பட்டுக்காரர்கள் களத்தைப் பார்த்து உட்கார்ந்தே சாப்பிட்டார்கள்.

மறுநாள் காலையில் சுண்ணாம்பு பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஊரே சூழ்ந்துகொண்டது.

"இன்னாயா, மணப்பட்டுக்காரன் மீன் குடுத்து உன்ன வாங்கிட்டானா?"

"சாரக் கேக்காம எப்டிய்யா ஃபைனல் அன்னிக்கி பையன இட்டுனு போன?"

"சாருக்கு இன்னா தெரியும்? மெசேஜே அவருக்கு வர்ல. போன் வந்துச்சு, நான் பேசுனேன், நானே இட்டுனு போனேன். இன்னா இப்ப?" என்றார் சுண்ணாம்பு.

அந்த வீட்டில் சார் அனுப்பினார் என்று ஒரு பொய். ஊர் நடுவில் சாருக்குத் தெரியாது என்று ஒரு பொய். நான் எந்தப் பக்கம் நின்றேனோ அந்தப் பக்கத்துக்குக் கோட்டை மாற்றிப் போட்டுவிட்டார். நானும் அன்று மாலைக் கூட்டத்தில் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்து, என் கண் முன்னால் ஊரார் இனிக் கோடு போடாதே என்று அவர் கையிலிருந்து டின்னைப் பிடுங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தனியாக ஒருமுறை கேட்டேன். "அவன் போகக்கூடாதுன்னு நீதானேய்யா குதிச்சே?"

"எனக்கு அவன் போவக்கூடாதுதான் சார். ஆனா அவனுக்குப் போவணுமே. தெனம் உங்க வாசல்ல வந்து நின்னானே, நீங்க பாக்கலியா?"

அதோடு அதை விட்டுவிட்டு, தேர்வு நடந்த கதையைத்தான் சொன்னார். ரப்பர் விரிப்பில் ஷூ இல்லாமல் இறங்கக்கூடாது என்றார்களாம். ஏழுமலையிடம் இருந்தது ஃபேக்டரியில் கொடுத்த இரும்பு வைத்த ஷூ. அதை மாட்டிக்கொண்டு அவன் ஓரடி வைத்ததும் எதிரணியில் ஏழு பேரும் களத்தைவிட்டே வெளியே போய்விட்டார்களாம். அப்போதுதான் தேர்வாகாமல் அழுதுகொண்டே வந்த ஒருவனைச் சுண்ணாம்பு மடக்கியிருக்கிறார். "அழுவு தம்பி, நல்லா அழுவு. ஷூவ மட்டும் கழட்டிக் குடுத்துட்டு அழுவு."

சூடு ஆறாத அந்த ஷூவில் ஏழுமலை தேர்வானான்.

முதல் சீசன் ஆடிவிட்டு வந்தவன் ஊர் மத்தியில் எனக்குப் பொன்னாடை போர்த்தினான். "சார் இல்லன்னா நான் இல்ல" என்றான். எல்லோரும் கைதட்டினார்கள். கடைசி வரிசையிலிருந்து வந்த கைதட்டலில் மட்டும் வெள்ளைப் புகை எழும்பியது. பிறகு அவன் சிரித்துக்கொண்டே சொன்னான்: "அங்க கோடு ரொம்பக் கிட்டக்க இருக்குது சார். நம்மூர்ல போறமாதிரி போனா, நான் மட்டும் ஓரடி எச்சா போயிடறேன். அது எப்டின்னு கோச்சுக்கே புரியல."

எனக்குப் புரிந்தது. பயிற்சி நாட்களில் போண்டாவும் இல்லை, கோட்டை மாற்றுவாரும் இல்லை. நீளமான அந்தப் பாதியில்தான் இவன் இத்தனை வருடம் தினமும் பாடிப் போனான்.

இந்த வருடம் மாசி மகத்துக்கு முன் நடந்த ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். மெசேஜ் வந்தது, அழித்தது, வாயை மூடியது. முன்வரிசையில் ஏழுமலையின் அம்மா இருந்தார்; அவரைப் பார்த்தே சொன்னேன். முந்தானையைத் தட்டிவிட்டு எழுந்து வெளியே போனார். அந்தப் பொன்னாடையைக் கொண்டுபோய்ச் சுண்ணாம்புக்குப் போர்த்தினேன். அவர் நெளிந்ததில் அதுவும் வெள்ளையாகிவிட்டது.

கடைசியில் பின்னாலிருந்து ஒரு குரல்: "அப்ப மணப்பட்டுக்காரன் மீன் குடுக்கலையா?"

"குடுத்தான். அது வேற விசயம்" என்றார் சுண்ணாம்பு.

டின் அவர் கைக்குத் திரும்பியது. இறுதிப் போட்டியன்று நான் தலைவர் நாற்காலியில் இல்லை. கயிற்றுக்குப் பின்னால் கூட்டத்தோடு நின்றேன். இடைவேளை வந்தது. மணப்பட்டு அணி முதுகைக் காட்டி உட்கார்ந்து போண்டா கேட்டது. சுண்ணாம்பு டின்னைத் தட்டிக்கொண்டு இறங்கினார். பாதத்தால் அளந்தார். ஓரடி கூடுதலாக வைத்தார். நிமிர்ந்து நேராக என்னைப் பார்த்தார்.

நான் பார்த்தேன். வாய் திறக்கவில்லை. இந்த ஒருமுறை மட்டும் எனக்கு அதில் கொஞ்சமும் வருத்தமில்லை.